வலியற்ற வளாகம்

அந்த மருத்துவமனையில் இனி யாருக்கும் வலிக்கக் கூடாது என்று இயக்குநர் முடிவு செய்திருந்தார். நல்ல முடிவுதான். வலியைக் குறைக்க வேண்டுமென்றால் மருந்து வேண்டும், கருவி வேண்டும், ஆள் வேண்டும். வலியின் எண்ணைக் குறைக்க ஒரு பேனா போதும். இயக்குநர் சிக்கனமான மனிதர்.

வாசலில் ‘வலியற்ற வளாகம்’ என்று ஆள் உயர எழுத்தில் பலகை வைத்தார்கள். அதை மாட்ட ஏணியில் ஏறியவர் தவறி விழுந்து கையை உடைத்துக்கொண்டார். திறப்பு விழா நெருங்கிவிட்டதால் அவரை வேறு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பலகைக்குக் கீழேதான் ஒரு காலை நேரத்தில் பெயின்ட் கடையின் சரக்கு வண்டி வந்து நின்றது. வண்டிக்குள் டப்பாக்களை ஓரம் தள்ளி ஒரு மெத்தை விரித்திருந்தது. மெத்தையில் டிரைவரக்கா படுத்திருந்தாள். பக்கத்தில் குந்தியபடி அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவள் கணவர்.

டிரைவரக்கா நகரப் பேருந்து ஓட்டுபவள். பணிமனையில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவள் அக்காதான். கணவர் பெயின்ட் கடையில் வண்ணம் கலப்பவர். யாராவது சுவரிலிருந்து பெயர்ந்த ஒரு சில்லைக் கொண்டுவந்து காட்டினால் அதே நிறத்தைக் கலந்து கொடுத்துவிடுவார். தெருவில் அவருக்குக் கலர்க்காரர் என்று பெயர். அதிகம் பேச மாட்டார். வீட்டில் பேச்சு அவள் இலாகா.

அன்று காலை அவள் பணிக்குக் கிளம்பி, ஷூ கயிறு கட்டக் குனிந்தாள். குனிந்தவள் குனிந்தபடியே இருந்தாள். கலர்க்காரர் எதையோ தேடுகிறாள் என்று நினைத்தார்.

“என்ன விழுந்துச்சு?”

“ஒண்ணும் விழல. நிமிர முடியல.”

“மெதுவா நிமிரு.”

“மெதுவாவும் முடியல, வேகமாவும் முடியல. என்னைத் தொடாதீங்க. தொடாம தூக்குங்க.”

தொடாமல் தூக்குவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. அக்கம்பக்கத்தில் இருவரைக் கூப்பிட்டு, போர்வையோடு சேர்த்துத் தூக்கி வண்டியில் ஏற்றினார். வழியெல்லாம் அவள் வண்டிக்கூரையைப் பார்த்தபடி, “முன்னால பள்ளம் வரும், கியரைக் குறைக்கச் சொல்லுங்க,” என்று உத்தரவு கொடுத்துக்கொண்டே வந்தாள். பேச்சு நின்ற இடங்களில் பல்லைக் கடித்திருந்தாள். பல்லைக் கடிக்கும் சத்தம் இஞ்சின் சத்தத்தைத் தாண்டி அவருக்குக் கேட்டது.

மருத்துவமனை வாசலில் தள்ளுபடுக்கை ஒன்று இருந்தது. அதன்மேல் பூந்தொட்டிகள் அடுக்கியிருந்தார்கள். விழாவுக்காக என்றார் காவலாளி. எனவே போர்வையோடு உள்ளே கொண்டுபோய், காத்திருப்புக் கூடத்தின் தரையில் அவளைக் கிடத்தினார்கள். வண்டி திரும்பிப் போய்விட்டது.

காவலாளி வந்து குனிந்து பார்த்தார். “இங்க படுக்கக் கூடாதும்மா.”

“நான் ஆசைப்பட்டுப் படுக்கல,” என்றாள் டிரைவரக்கா.

“சார், நீங்களாவது புரிஞ்சுக்கோங்க. உள்நோயாளி படுக்கலாம். இவங்க இன்னும் வெளிநோயாளி. வெளிநோயாளின்னா உக்காரணும். நாற்காலியில இருக்கிறவங்களைத்தான் உள்ள கூப்பிடுவாங்க.”

“அவளால உக்கார முடியாதுங்க. அதுக்குத்தான் வந்திருக்கோம்.”

“உக்கார முடிஞ்சதும் சொல்லுங்க. உடனே கூப்பிடச் சொல்றேன்,” என்றார் காவலாளி. அவர் கெட்டவர் இல்லை. தன்னுடைய தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

கடைசியில் அவளுக்குரிய நாற்காலியில் கலர்க்காரர் உட்கார்ந்தார். அவர் காலடியில் அவள் படுத்திருந்தாள். கூட்டிப் பெருக்க வந்த பெண் அவளைச் சுற்றித் துடைத்துவிட்டு, ஈரம் காயும்வரை யாரும் மிதிக்காதபடி மஞ்சள் எச்சரிக்கைப் பலகை ஒன்றை அவள் தலைமாட்டில் வைத்தாள். அதன்பின் வந்தவர்கள் எல்லோரும் அவளை மரியாதையாகச் சுற்றிப் போனார்கள்.

வெகுநேரம் கழித்து வெள்ளைக் கோட்டுப் பெண் ஒருத்தி வந்தாள். அவள் வலி மதிப்பீட்டு அலுவலர். வார்டில் எல்லோரும் அவளை நம்பர் மேடம் என்று அழைப்பார்கள். கையில் ஓர் அட்டை. அட்டையில் சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகம்வரை வரிசையாக முகங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஓர் எண்.

கலர்க்காரரைப் பார்த்துக் கேட்டாள். “உங்க வலி எவ்வளவு?”

“எனக்கில்ல. கீழ.”

நம்பர் மேடம் கீழே பார்த்தாள். “சொல்லுங்கம்மா. பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ள.”

“பத்து.”

“பத்துன்னா பேச்சே வராதும்மா. நீங்க தெளிவாப் பேசுறீங்களே. பேசுறவங்களுக்கு ஏழு வரைக்கும்தான்.”

டிரைவரக்கா வாயை மூடிக்கொண்டாள். நம்பர் மேடம் காத்திருந்தாள்.

“பதில் சொல்லலைன்னா பூஜ்யம்னு எடுத்துக்குவோம்.”

“ஏழு,” என்றாள் டிரைவரக்கா.

“ஏழுன்னா அழணும். முகத்தைப் பாருங்க, ஏழாம் நம்பர் முகத்துல கண்ணீர் இருக்கு. உங்க கண்ணு காய்ஞ்சிருக்கே. இந்த வாரம் எங்க சராசரி வேற நல்லா வந்துக்கிட்டிருக்கு. நாலு போடட்டுமா?”

காய்கறிச் சந்தையில் கேட்பதுபோலவே கேட்டாள். டிரைவரக்காவும் அங்கே பேசுவதுபோலவே பேசினாள். இழுபறிக்குப் பின் ஆறில் முடிந்தது. ஆறு என்றால் உள்ளே சேர்க்கலாம். சேர்த்த பிறகு படுக்கலாம். இப்படியாக, ஏற்கனவே படுத்திருந்த டிரைவரக்காவுக்குப் படுக்க அனுமதி கிடைத்தது.

இளம் மருத்துவர் ஒருவர் வந்து, அவளுடைய காலைத் தூக்கச் சொன்னார். தூக்க முடியவில்லை. அவரே தூக்கினார். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். இளம் மருத்துவர் கவலையோடு சுற்றுமுற்றும் பார்த்தார்.

“ஸ்கேன் எடுக்கணும். ஆனா ஸ்கேன் அடுத்த கட்டடத்துல இருக்கு. முதல்ல இங்க வகுப்பு முடிக்கணும்,” என்றார்.

வகுப்பு என்பது உண்மையாகவே வகுப்புதான். நோயாளிகள் கட்டிலோடு கூடத்துக்குத் தள்ளிவரப்பட்டார்கள். துணைக்கு வந்தவர்கள் கட்டிலின் கால்மாட்டில் நின்றார்கள். மனநல ஆலோசகர் ஒருவர் மென்மையான குரலில் பேசினார்.

“வலிங்கிறது ஒரு அபிப்பிராயம். உங்க முதுகு ஒரு அபிப்பிராயம் சொல்லுது. நீங்க அதை ஏத்துக்கணும்னு கட்டாயம் இல்லை. துணைவர்கள் கவனிங்க. இனிமே வீட்டுல ‘வலிக்குதா’ன்னு கேக்காதீங்க. ‘ஏதாவது உணர்வு இருக்கா’ன்னு கேளுங்க. எனக்கே போன மாசம் பல்வலி. நான் அதை வலின்னே நினைக்கல.”

“அப்புறம் எப்படி சார் சரியாச்சு?” என்று ஒரு முதியவர் கேட்டார்.

“பல்லைப் பிடுங்கிட்டேன்,” என்றார் ஆலோசகர். “அது வேற இடத்துல.”

டிரைவரக்கா கணவரைப் பார்த்தாள். “எனக்கு எதைங்க பிடுங்கப் போறாங்க?” என்றாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. பழக்கத்தில் சொன்னாள்.

மாத்திரை கொடுத்தார்கள். ஊசி போட்டார்கள். கலர்க்காரர் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் புரள நினைக்கும்போதெல்லாம் இடுப்புக்குக் கீழே கையைக் கொடுத்தார். அவளுக்கு எந்தக் கோணத்தில் தலையணை வேண்டும் என்பது பாதி நாளில் அவருக்குப் படிந்துவிட்டது. கடையில் நிறம் கலக்கும்போது ஒரு சொட்டு கூடினாலும் தெரிந்துவிடுகிற கை அது. இங்கே ஒரு விரற்கடை கூடினாலும் அவள் முகத்தில் தெரிந்தது. அந்த நேரத்தில் அவருக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், ஒன்றும் தோன்றவில்லை என்பதுதான் பதில். கை மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை அவள் கண் விழித்து, போர்வைக்குள் கையை விட்டுத் தொடையைத் தடவிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

“வலி போயிடுச்சுங்க.”

“அப்படியா?”

“ஆமா. ஆனா காலும் சேர்ந்து போயிடுச்சு. வலது கால் எங்க இருக்குன்னு தெரியல. பாருங்க, இருக்கா?”

அவர் போர்வையை விலக்கினார். இருந்தது. பாதத்தைப் பிடித்தார். “பிடிச்சிருக்கேன். தெரியுதா?”

“யாரோ யாரையோ பிடிச்ச மாதிரி இருக்கு.”

அவர் அழுத்தினார். கிள்ளினார். அவள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அங்கேதான் விடை வரும் என்பதுபோல. அது பிரேக் மிதிக்கிற கால். இருவருக்கும் அது தெரியும்.

நம்பர் மேடம் அட்டையோடு வந்தாள். “இன்னிக்கு எவ்வளவும்மா?”

“வலி இல்லை. ஆனா—”

“பூஜ்யமா?” நம்பர் மேடம் முகம் மலர்ந்தது. “ஆறுலேருந்து பூஜ்யம். ஒரே ராத்திரியில.” அவள் சுவரில் தொங்கிய மணியை அடித்தாள். செவிலியர்கள் எல்லோரும் வேலையை நிறுத்திக் கை தட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் பக்கத்துக் கட்டில்காரரும் தட்டினார்.

கைதட்டல் ஓய்ந்ததும் கலர்க்காரர் சொன்னார். “மேடம், கால் மரத்துப் போச்சு. தொட்டாத் தெரியல.”

“அது நரம்புப் பிரிவு சார். அடுத்த கட்டடம்.”

“அங்க அனுப்புங்களேன்.”

“அங்க அனுப்பணும்னா வலி அஞ்சுக்கு மேல இருக்கணும். இவங்களுக்குத்தான் பூஜ்யமாச்சே.”

“அப்ப ஆறுன்னே போட்டு அனுப்புங்க. நேத்து ஆறுதானே.”

நம்பர் மேடம் அவரைப் பார்த்த பார்வையில் உண்மையான வருத்தம் இருந்தது. “பொய் எழுதச் சொல்றீங்களா சார்? ஒரு நோயாளியோட வலி விஷயத்துல?”

கலர்க்காரர் அடுத்த கட்டடத்துக்குத் தானே நடந்து போனார். இரண்டுக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கதவு. அதிலும் ஒரு காவலாளி. எண் கேட்டார். இல்லை என்றதும் திருப்பி அனுப்பினார். கலர்க்காரர் இளம் மருத்துவரைத் தேடினார். அவர் விழா மேடைக்கு நாற்காலி எடுக்கப் போயிருந்தார். கலர்க்காரர் கட்டிலுக்குத் திரும்பியபோது டிரைவரக்கா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இங்க வாங்க,” என்றாள். மிக மெதுவாகச் சொன்னாள். “துணி நனைஞ்சிருக்கான்னு பாருங்க.”

நனைந்திருந்தது. விரிப்பும் நனைந்திருந்தது.

“எப்ப போச்சுன்னே தெரியலங்க,” என்றாள். “எனக்கு எதுவுமே தெரியல.”

அவர் மாற்றுத்துணி எடுத்து, துடைத்து, மாற்றி, விரிப்பைச் சுருட்டினார். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். செய்து முடித்துவிட்டு, சுருட்டிய விரிப்பை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அப்போது இரண்டு பேர் சக்கர நாற்காலியோடு வந்தார்கள். ஆறிலிருந்து ஒரே நாளில் பூஜ்யத்துக்கு வந்த நோயாளி இதுவரை யாரும் இல்லையாம். விழாவில் இயக்குநர் அவளைக் கௌரவிக்கப் போகிறாராம்.

“அவளால உக்கார முடியாது,” என்றார் கலர்க்காரர்.

“இப்ப முடியும் சார். வலிதான் இல்லையே.”

அது உண்மைதான். உட்கார வைத்தார்கள். உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியவில்லை. சாயாமல் இருக்கத் தோள்பக்கம் ஒரு துண்டால் கட்டினார்கள். மேலே ஒரு பொன்னாடையைப் போர்த்தியதும் கட்டு தெரியவில்லை.

கூட்டம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பெரிய மனிதர்கள். நடுவில் பணியாளர்கள். பின்வரிசையில் அடுத்த கட்டடத்து மருத்துவர்கள் சிலர், தேநீர் உண்டு என்பதால் வந்தவர்கள். இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

“நண்பர்களே, நான் பொறுப்பேற்றபோது இந்த வளாகத்தில் எங்கு பார்த்தாலும் வலி. நோயாளிகள் முனகினார்கள். பார்வையாளர்களுக்கு அது நல்ல தோற்றமாக இல்லை. நான் என் குழுவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். நோயை நீங்கள் குணப்படுத்துகிறீர்களோ இல்லையோ, அது காலத்தின் கையில் இருக்கிறது. ஆனால் எண் நம் கையில் இருக்கிறது. இன்று நம் சராசரி இரண்டுக்குக் கீழே வந்திருக்கிறது. வீட்டில் ஆரோக்கியமாக இருப்பவர்களைவிட நம் நோயாளிகளுக்கு வலி குறைவு என்று ஆய்வு சொல்கிறது. அந்த ஆய்வையும் நாமே செய்தோம்.”

பலத்த கைதட்டல். இயக்குநர் கையமர்த்தினார்.

“நம்பிக்கை இல்லாதவர்களுக்காக இந்த அம்மாவையே அழைத்து வந்திருக்கிறேன். நேற்று இவர்களை நான்கு பேர் தூக்கி வந்தார்கள். இன்று பாருங்கள். அம்மா, நீங்களே சொல்லுங்கள். வலி இருக்கிறதா?”

ஒலிபெருக்கி டிரைவரக்காவின் வாயருகே வந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நெரிசலைப் பார்த்து “உள்ள போங்க, உள்ள போங்க” என்று குரல் கொடுத்துப் பழகியவள். கூட்டம் அவளுக்குப் புதிதில்லை. குரலை உயர்த்தவில்லை.

“வலி இல்லை,” என்றாள்.

கைதட்டல்.

“வலது கால் இல்லை. இருக்கு, ஆனா எனக்கு இல்லை. உக்கார்ற இடமும் இல்லை. இப்ப நாற்காலியில இருக்கேனா தரையில இருக்கேனான்னு கேட்டா எனக்குத் தெரியாது. காலையில படுக்கையிலேயே போயிடுச்சு. போனது தெரியல. இவர்தான் பார்த்துச் சொன்னார்.” பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “இத்தனை பேர் முன்னால சொல்றதுக்கு வெக்கமாத்தான் இருக்கு. அது ஒண்ணுதான் இப்ப எனக்குத் தெரியுது.”

யாரும் கைதட்டவில்லை. இயக்குநர் ஒலிபெருக்கியை மெல்ல வாங்கிக்கொண்டார்.

“கவனித்தீர்களா,” என்றார். “இவ்வளவு பேசியதில் வலிக்கிறது என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை.”

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். கையில் தேநீர்க் கோப்பை, வாயில் பாதி பிஸ்கட். கோப்பையைப் பக்கத்தில் இருந்தவர் மடியிலேயே வைத்துவிட்டு நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து மேடைக்கு வந்தாள். நரம்புப் பிரிவின் அறுவை மருத்துவர்.

“எப்பலேருந்து இப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“காலையில எந்திரிச்சதுலேருந்து,” என்றார் கலர்க்காரர்.

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“எல்லார்கிட்டயும்.”

அவள் குனிந்து டிரைவரக்காவின் காலைத் தட்டிப் பார்த்தாள். பாதத்தை மேலே இழுக்கச் சொன்னாள். பாதம் அசையவில்லை. நிமிர்ந்தபோது அவள் முகத்தில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். அவசரம் மட்டும்தான் இருந்தது.

“தள்ளுங்க,” என்றாள்.

“டாக்டர், இன்னும் நினைவுப்பரிசு கொடுக்கவில்லை,” என்றார் இயக்குநர்.

அறுவை மருத்துவர் முன்னால் போக, கலர்க்காரர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். கண்ணாடிக் கதவில் காவலாளி எழுந்து நின்றார்.

“எண் என்னங்க?”

“பத்து,” என்றார் கலர்க்காரர்.

“அம்மாவைப் பூஜ்யம்னு சொன்னாங்களே.”

“அவளோடது பூஜ்யம். என்னோடது பத்து.”

கடையில் ஒரு நிறத்தின் எண்ணைச் சொல்கிற அதே குரலில்தான் சொன்னார். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவருக்கே தெரிந்தது. காவலாளி மருத்துவரைப் பார்த்தார். “துணைக்கு வந்தவரோட எண் செல்லுமா டாக்டர்?”

“செல்லும்,” என்றாள் அவள். கதவு திறந்தது.

ஸ்கேனில் தெரிந்தது. முதுகெலும்புகளுக்கு நடுவிலிருந்து ஒரு வட்டு பிதுங்கி, கீழே இறங்கும் நரம்புக் கற்றை முழுவதையும் நசுக்கிக்கொண்டிருந்தது. “நரம்பு செத்துக்கிட்டிருந்தா வலி குறையும்,” என்றாள் அறுவை மருத்துவர். “அதுக்குத்தான் உங்களுக்கு மணி அடிச்சிருக்காங்க. இப்பவே திறக்கணும். எவ்வளவு திரும்பி வரும்னு இப்ப சொல்ல முடியாது. சொன்னா அது பொய்.”

கலர்க்காரர் தலையாட்டினார். அந்தக் கட்டடத்தில் அவர் கேட்ட முதல் பதில், ‘சொல்ல முடியாது’ என்பது. அது அவருக்கு ஆறுதலாக இருந்தது.

அறுவை நல்லபடியாக முடிந்தது. உட்கார்கிற இடத்தில் உணர்வு சீக்கிரம் திரும்பியது. சில நாளில் சிறுநீர் வருவது தெரிந்தது. அவள் அதை வார்டு முழுவதற்கும் அறிவித்தாள். வலது கால் மட்டும் பிடிவாதமாகக் கிடந்தது. பணிமனையிலிருந்து வந்தவர்கள், அக்கா வரும்வரை அவள் வண்டியை யாருக்கும் நிரந்தரமாகக் கொடுக்க மாட்டோம் என்றார்கள். அவர்கள் போன பிறகு, “பாவம், நல்லாப் பொய் சொல்றானுங்க,” என்றாள்.

மருத்துவமனையின் செய்தி மடலில் அவள் படம் வந்தது, பொன்னாடையோடு. கீழே, நோயாளிகளின் வலியைத் துணைவர்களுக்கு மாற்றும் புதிய முறையை வளாகம் வெற்றிகரமாகச் சோதித்திருப்பதாக எழுதியிருந்தது.

ஒரு பிற்பகல் கலர்க்காரர் அவளுடைய கால்விரல்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். தினமும் தேய்க்கச் சொல்லியிருந்தார்கள். அவள் ஜன்னலுக்கு வெளியே யாரோ பேருந்தைப் பின்னால் எடுப்பதைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சு நடுவில் நின்றது.

“என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணல. பெருவிரல்.”

“திரும்பப் பண்ணுங்க.”

அழுத்தினார்.

“வலிக்குதுங்க,” என்றாள்.

அந்த நேரம் பார்த்து நம்பர் மேடம் அட்டையோடு வந்து நின்றாள். நரம்புப் பிரிவுக்கும் இப்போது அவள்தான். “இன்னிக்கு எவ்வளவும்மா? பூஜ்யம்தானே?”

“ரெண்டு,” என்றாள் டிரைவரக்கா.

“ரெண்டா?” நம்பர் மேடத்தின் முகம் வாடியது. “இத்தனை நாள் பூஜ்யமா இருந்துட்டு இப்ப ரெண்டா? பின்னடைவும்மா இது.”

“ஆமாங்க,” என்றாள் டிரைவரக்கா. “மூணுன்னே போட்டுக்கோங்க.”

நம்பர் மேடம் தலையை ஆட்டியபடி எழுதிக்கொண்டு போனாள். அவள் போகும்வரை கலர்க்காரர் விரலை விடவில்லை. பிறகு அடுத்த விரலுக்குப் போனார்.

“இங்க?”

“வலிக்குது.”

“இங்க?”

“லேசா.”

“இங்க?”

“இருக்கு. ஏதோ இருக்கு.”

கடைசிச் சுண்டுவிரலை அழுத்தினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள்.

“தெரியல,” என்றாள்.

அவர் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, சுண்டுவிரலை இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.